தூக்கிப் பழக்காதீங்க

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பையை இறக்கி வைத்ததும் நேரே தொட்டில் அறைக்குத்தான் போவார்கள். கதவோரம் பெரியாயா நிற்பார். கை கழுவாதவர்களை உள்ளே விட மாட்டார். ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. விரலை நீட்டிக் குழாயைக் காட்டுவார், அது போதும். கழுவிவிட்டு உள்ளே போனவர்கள் அடுத்த நிமிடம் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பார்கள். படம் எடுத்துக்கொள்வார்கள். சிலர் அழவும் செய்வார்கள். பெரியாயா என் பக்கம் திரும்பி, "தூக்கிப் பழக்காதீங்கன்னு சொல்லு தாயி. இவுக நாளைக்குப் போயிருவாக. ராத்திரி முழுக்க யாரு தூக்குறது?" என்பார். கடல் தாண்டி வந்தவர்களிடம் அதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வராது. "இப்போதுதான் பால் குடித்திருக்கிறது, பார்த்துத் தூக்குங்கள்" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு கிறிஸ்தவ இல்லம். பிறந்த சில நாளிலிருந்து இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள், தத்துக் கொடுக்கும்வரை அங்கே வளர்ந்தார்கள். இல்லத்தின் பெயரைச் சொல்லவில்லை. அது இப்போது நடக்கவும் இல்லை. நான் எம்.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா இருந்தேன். வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்களுக்கும் ஆயாக்களுக்கும் இடையில் பேச ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு என்று தெருவில் இருந்த ஒரு அக்கா சொன்னார். "மூத்திரத் துணி அலசவா உன்னைய எம்.ஏ. படிக்க வச்சேன்?" என்று அம்மா கத்தினாள். போன முதல் நாள் எனக்குக் கிடைத்தது உண்மையிலேயே அந்த வேலைதான். பேசுவதற்கு அன்றைக்கு யாரும் வரவில்லை.

துணி என்றால் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிக்குத் தறி பேண்டேஜ் துணிதான் ஓடும். இந்தியாவின் பாதி ஆஸ்பத்திரிக் காயங்களை அந்த ஊர்த் துணிதான் கட்டியிருக்கும் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அங்கே பழுதென்று ஒதுக்கிய துணியை யாரோ ஒரு முதலாளி மூட்டையாக அனுப்பிவைப்பார். அதை நாலாக மடித்தால் பிள்ளைக்குத் துணி. மெல்லியது, உறுத்தாது, வெயிலில் கால் மணியில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில்தான் வினை. கங்கு மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணியைப் போட்டுக் காய வைப்போம். கொஞ்சம் அசந்தால் கருகல் வாடை. பிளாஸ்டிக் உறை போட்ட 'டயப்பர்' பெட்டிகளை ஒரு குழு விமானத்தில் கொண்டுவந்தது. பங்குனி வெயிலில் இரண்டே நாளில் எல்லாப் பிள்ளைக்கும் தொடையிடுக்கு சிவந்துபோக, மிச்சப் பெட்டிகள் பரணுக்குப் போயின.

இல்லத்துக்குப் பொறுப்பு டீச்சரம்மா. நாசரேத் பக்கத்துக்காரர், பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்றவர், கணக்கில் கெட்டி. ஆனால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு பெரியாயாதான். அவருக்கு அப்போதே ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நின்றவர். அவருக்குக் கீழே நாலைந்து ஆயாக்கள், மூன்று ஷிப்ட். மில்லில் பழகிய வாய் என்பதால் 'முறை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஷிப்ட்தான்.

பெரியாயாவிடம் ஒரு பாலாடை இருந்தது. எட்டாம் மாதத்தில் பிறந்து, ஒன்றரைக் கிலோகூடத் தேறாத பிள்ளைகள் வரும். புட்டியை உறிஞ்சத் தெம்பில்லாமல் பாதியிலேயே கண்ணை மூடிக்கொள்ளும். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு நர்ஸ், இதற்கென்றே செய்த மெத்தென்ற ரப்பர் காம்புகளைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் பெரியாயா அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையை மடியில் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். பிள்ளை விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்ப்பது, விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு, அவ்வளவுதான் வித்தை. அந்தப் பெண் அதைக் கற்றுக்கொண்டு, ஊருக்குப் போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக் கடையில் அரை டஜன் பாலாடை வாங்கிப் போனாள். இன்றைக்கு எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பாலாடையால் ஊட்டச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள். பெரியாயா செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. வசம்பு உரைத்துப் புகட்டக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தும் ஒளித்து ஒளித்து உரைப்பார். அதில் நியாயம் டாக்டர் பக்கம்தான்.

அந்த வேல்ஸ் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெரியாயாவின் பேச்சை அப்படியே சொல்லச் சொல்லிக் கேட்டாள். நானும் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், மறுநாளிலிருந்து துணி துவைக்கிற கல்லுக்கு வந்துவிட்டாள். அவள் துவைத்தால் ஒரு ஆயாவுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகள் அந்த ஆயாவின் மடியில் இருக்கும். கணக்கு அவளுக்கு உடனே பிடிபட்டது. ஒரு மாதம் இருக்கப் போகிறவள் பிள்ளையைத் தூக்கினால், பிள்ளை அவள் வாசனைக்குப் பழகி முடிக்கும்போது அவள் விமானம் ஏறியிருப்பாள். பிறகு வேறொருத்தி, வேறொரு வாசனை.

எங்கள் இல்லத்தில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. யார் வந்தாலும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும், தூக்கினால் தோளில் சாய்ந்துவிடும். தபால்காரர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர், யாரானாலும் சரி. விருந்தினர்கள் உருகிப்போவார்கள்: "எவ்வளவு அன்பான குழந்தை!" பெரியாயாவுக்கு மட்டும் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கவலை. "எல்லார்ட்டயும் போற பிள்ள யார்ட்டயும் ஒட்டல தாயி" என்றார். ருமேனியாவில் இதையேதான் பிறகு ஆராய்ச்சியாகச் செய்தார்கள். சர்வாதிகாரி சௌசெஸ்குவின் காலத்திலிருந்து தொடர்ந்துவந்த அநாதை இல்லங்களில் இருந்த 136 பிள்ளைகளை 2000-ல் எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். முன்பின் தெரியாதவரிடம் தயங்காமல் போவது இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் காணும் ஒரு கோளாறு என்றும் அந்த வகை ஆய்வுகள் சொல்லின. பெரியாயாவின் வாக்கியத்தில் ஆறே சொற்கள்.

டீச்சரம்மா ஒருமுறை என்னையும் அந்த வேல்ஸ் பெண்ணையும் டோனாவூருக்கு அழைத்துப் போனார். ராஜபாளையத்திலிருந்து மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே போக வேண்டும், தென்காசி தாண்டி, களக்காடு தாண்டி. அயர்லாந்தில் 1867-ல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ல் அங்கே குழந்தைகளைச் சேர்க்கத் தொடங்கினார். கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்படவிருந்த சிறுமி ஒருத்தி தப்பி அவரிடம் வந்ததிலிருந்து தொடங்கியது அது. 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பறவைகள் நீர் குடிக்கும் கல் தொட்டி ஒன்றுதான் அந்த இடத்தில் இருக்கிறது. வளர்ப்பவர்களுக்கு அங்கே அக்காள், சித்தி, அண்ணாச்சி என்று முறை வைத்துத்தான் பெயர். ஆரம்ப காலத்தில் கைக்குழந்தைகளை நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்தவர் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண். கார்மைக்கேல் அம்மையார் தம் பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கவில்லை. அதுவே குடும்பம் என்றார். அவர் வழி சரியா, எங்கள் இல்லத்தின் வழி சரியா என்று திரும்பும் வழியெல்லாம் வாதம். அம்மா, அப்பா என்று இரண்டே பேர் இருக்கிற வீடுதான் பிள்ளைக்கு நல்லது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஐம்பத்தைந்து வருடம் ஊர் திரும்பாமல் இருந்தவருக்குப் பிள்ளையைத் தூக்கும் உரிமை இருந்தது என்று வேல்ஸ் பெண் சொன்னபோது எனக்கு மறுபேச்சு இல்லை.

எங்கள் பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போக வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. தத்து மனுவெல்லாம் அன்றைக்கு அங்கேதான். வாய்தா நாளில் பால் கரைக்கிற வெந்நீர் பிளாஸ்க், மாற்றுத் துணி, கோப்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டீச்சரம்மாவும் நானும் ஒரு ஆயாவும் வேனில் போவோம். அங்கேதான் சட்டத்தின் வேடிக்கைகள் எனக்குத் தெரியவந்தன. 1956-ம் வருட இந்துத் தத்துச் சட்டப்படி இல்லத்துப் பிள்ளைகளை இந்துக்கள் நீதிமன்ற அனுமதியோடு முழுமையாகத் தத்தெடுக்கலாம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தால் இன்னொரு பெண்ணைத் தத்தெடுக்க முடியாது, ஆணுக்கும் அப்படியே. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தத்து என்பதே அன்றைக்குக் கிடையாது. வெள்ளைக்காரன் போட்ட 1890-ம் வருடச் சட்டத்தில் 'கார்டியன்' ஆகலாம், அதுவும் பிள்ளைக்கு வயது வந்ததும் முடிந்தது. அதாவது, கிறிஸ்தவ இல்லத்தை நடத்திய டீச்சரம்மா தான் வளர்த்த பிள்ளைகளில் ஒன்றைத் தனக்கென்று தத்தெடுத்திருக்க முடியாது. வெளிநாட்டுத் தம்பதிகளுக்கும் அதே 'கார்டியன்' உத்தரவுதான். கூடவே, வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய கடிதத்தின் பேரில் உச்ச நீதிமன்றம் 1984-ல் விதித்த நிபந்தனைகள் வேறு. எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று இளைஞர் நீதிச் சட்டம் 2000-ல் கதவைத் திறந்தது. 2006 திருத்தத்துக்குப் பிறகே அதில் தெளிவு வந்தது. 2022 செப்டம்பரிலிருந்து உத்தரவு போடுவது கலெக்டர். எனவே இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வேலை முடிந்துபோய்விட்டது, பயணம் விருதுநகருக்கு.

அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நீதிமன்றத்தில் ஒரு வயதான குமாஸ்தா இருந்தார். எங்கள் வேனைப் பார்த்ததும் வெளியே வந்து, "வாங்கம்மா, இந்த ஊருத் தாயாரே நந்தவனத்துல கிடைச்ச பிள்ளைதான். நல்லபடியா முடியும்" என்பார். ஒவ்வொரு முறையும் இதே பேச்சு. கைக்கு உத்தரவு வந்ததும் இந்துத் தம்பதிகள் பிள்ளையோடு நேரே ஆண்டாள் கோயிலுக்குப் போவார்கள். துளசிச் செடி அருகே பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் இடத்தில் சிலர் பிள்ளையைத் தரையில் கிடத்தி எடுப்பார்கள். டீச்சரம்மா உள்ளே வர மாட்டார்; வெளியே பால்கோவாக் கடையில் கால் கிலோ வாங்கிக்கொண்டு காத்திருப்பார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே தம்பதிகளில் பலர் முதல் நாள் வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன ஆளுக பிள்ளைன்னு தெரியுமா?" என்று கேட்டவர்கள்தான். அடுத்தது நிறம். மருத்துவச் சான்று மூன்றாவதாகத்தான் வரும். சாதி தெரிந்தால் எடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போன ஒரு வீட்டார், ஆடிப்பூரத் தேர் வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததை நான் அந்த வருடமே பார்த்தேன். பெரியாழ்வார் யாரிடமும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதனாலேயே கறுத்த பிள்ளைகளும் நோஞ்சான்களும் அநேகமாகக் கடல் தாண்டின. பெண் பிள்ளைகளே அதிகம் வந்துகொண்டிருந்த காலம் அது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலைச் செய்திகள் நாடு முழுக்கப் பரவி, 1992-ல் அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, 2001-ல் மதுரை, தேனி என்று விரித்த வருடங்கள்.

அனுப்பி வைக்கிற நாளில் புதுச் சட்டை, கொலுசு, ஜெபம், கேக் எல்லாம் உண்டு. பெரியாயா மட்டும் வர மாட்டார். துவைக்கிற கல்லடியில் ஏதாவது துணியை அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் முதல் நாள் ராத்திரியே தன் வேலையை முடித்திருப்பார். கிறிஸ்தவ இல்லம் என்பதால் பிள்ளைகளுக்குத் திருஷ்டிப் பொட்டு கூடாது என்பது டீச்சரம்மாவின் உத்தரவு. கன்னத்தில் வைத்தால்தானே தெரியும்? பெரியாயா இடது உள்ளங்காலில் வைத்துவிடுவார். அவரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்தான்; கேட்டால், "சேசப்பாவுக்குத் தெரியும்" என்பார்.

எனக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதுவது. எப்போது குப்புற விழுந்தது, எப்போது பல் முளைத்தது, எதைப் பார்த்தால் சிரிக்கும். புதுப் பெற்றோரிடம் கொடுக்க. விஷயமெல்லாம் பெரியாயாதான் சொல்வார், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். இவன் தூளியில் இடப்பக்கம் படுத்தால்தான் தூங்குவான். இவளுக்கு மில் சங்கு ஊதினால் பயம். இவன் சோற்றில் பருப்புத் தோல் கிடந்தால் துப்புவான். இவளுக்குக் காது வடிகிறது, தலைக்கு ஊற்றும்போது பஞ்சு வைக்க வேண்டும். கடைசியதை டீச்சரம்மா சிவப்பு மையால் அடித்தார். நோய் நொடியெல்லாம் டாக்டர் எழுதுவார், நோட்டில் சந்தோஷமான செய்தி மட்டும் இருக்கட்டும் என்றார். டாக்டர் பார்த்த அன்றைக்குக் காது காய்ந்திருந்ததால் அவருடைய தாளிலும் அது ஏறவில்லை. "கடல் தாண்டிப் போற பிள்ள, அங்க யாருக்குத் தெரியும்?" என்று பெரியாயா இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அந்தப் பெண் குழந்தை இத்தாலிக்குப் போனது.

எனக்கு ஆசிரியை வேலை கிடைத்து நான் விலகினேன். டீச்சரம்மா காலமானார். விதிகள் இறுகின, குழந்தைகள் நலக் குழு, பதிவு, இணையதளம் என்று வந்த பிறகு அந்த இல்லத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. இறுகியது நல்லதற்குத்தான். பழைய தாள்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இலங்கையே போதும்: 1980-களில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் பலரின் சான்றிதழில் இருந்த 'தாய்', கூலிக்கு வந்து நின்ற யாரோ ஒருத்தி என்று 2017-ல் டச்சுத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. 2021-ல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. இங்கே இன்றைக்குத் தத்துக்குப் பதிந்தவர்கள் மூன்று வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். பெற்றவள் ஒப்படைத்தால், மனம் மாற அவளுக்கு அறுபது நாள் அவகாசம். பதினெட்டு வயதானதும் பிள்ளை தன் வேரைத் தேட விதியே வழி சொல்கிறது. அந்த விதி, கோப்பு, தேடல் எல்லாம் பெற்றவளை நோக்கியே போகின்றன. முதல் எட்டு, பத்து மாதம் ராத்திரி விழித்திருந்தவளின் பெயரை எழுத எந்தப் படிவத்திலும் நான் இடம் பார்த்ததில்லை.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் இத்தாலிக்காரப் பெண் வந்தாள். திருச்சபைக்காரர்கள் மூலம் என்னைக் கண்டுபிடித்திருந்தாள். அவள் தேடி வந்தது பெற்றவளை. கோப்பில் இரண்டே வரிகள்: கண்டெடுத்த தேதி, போலீஸ் ஸ்டேஷன் பெயர். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. நாலு நாள் அலைந்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும் முன்பு மலையடிவாரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் பெரியாயா வீட்டுக்கு அழைத்துப் போனேன். மகன் வீட்டுத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பார்வை மங்கியிருந்தது. யார், எந்த வருடம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தவர், முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கட்டிப்பிடிக்கவில்லை. தலையைத் திருப்பி இடது காதை வெளிச்சத்தில் பார்த்தார்.

"காது வடிஞ்சது நின்னுச்சா?"

நான் சொன்னதும் அவள் திகைத்துவிட்டாள். எட்டு வயதில் செவிப்பறையில் அறுவை சிகிச்சை நடந்ததாம். இப்போதும் அந்தப் பக்கம் கொஞ்சம் மந்தம்தானாம். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர்கள் கேட்டபோதெல்லாம் அவள் அம்மாவுக்குப் பதில் தெரியவில்லையாம்.

"அப்பவே சொன்னேன், எழுதுங்கன்னு" என்று பெரியாயா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம், தலைக்கு ஊற்றும்போது பஞ்சு வைக்கிறாளா, கல்யாணம் ஆகிவிட்டதா, அங்கே சோறு கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். அவளும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். ஷிப்ட் மாற்றும்போது யார் கையில் இருந்தாள், என்ன பாட்டு, எந்தப் பக்கம் படுப்பாள் என்று அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது. மருமகள் காபி கொண்டுவந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.